சம்பந்தியின் தோளில் அயர்லாந்துத் துண்டு

பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து யாராவது சம்பந்திக்குப் போர்த்துவார்களா?

போர்த்தினார்கள். நிறைந்த சபையில், மைக்கில் பெயர் சொல்லி, போட்டோகிராபரை முன்னால் வரச்சொல்லி! நானும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

இவ்வளவு நாள் இதை எழுதாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் உண்டு. போன வாரம்தான் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கொடைக்கானலுக்குப் போயாச்சு. இனிமேல் யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது... அதனால் தைரியமாக எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

எங்கள் தெருமுனையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார் அருளப்பன் அண்ணன். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஸ்டெல்லா, அயர்லாந்தில் நர்ஸ். இளையவள் ரோஸிக்கு இங்கே திண்டுக்கல்லிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அதே லேபில் வேலை பார்க்கிற ஜான்சனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போனது. இரண்டு பேர் வீடும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. பையனும் தங்கமான பையன். பிறகு என்ன தடை என்கிறீர்களா?

தடையின் பெயர் சவரிமுத்து. ஜான்சனின் அப்பா.

சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பும் மல்லிகைத் தோட்டமும் வைத்திருக்கிறார். கஷ்டம் என்று போய் நின்றால் இல்லை என்று சொல்லாத மனுஷர். ஆனால், மரியாதை குறைந்தால் மட்டும் தாங்க மாட்டார். உண்மையிலேயே குறைய வேண்டும் என்பதில்லை. குறைந்த மாதிரி அவருக்குத் தோன்றினால் போதும். தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். திரும்பத் தோளில் போடுவார். எழுந்து போய்விடுவார்!

திண்டுக்கல்லில் வைத்த சொந்த அண்ணன் அந்தோணி வீட்டுக் கல்யாணத்திலேயே இதுதான் நடந்தது. ‘எல்லாரும் சாப்பிட வாங்க’ என்று பொதுவாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரைத் தனியாக வந்து கூப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு கிளம்பி வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. இத்தனைக்கும் இரண்டு பேர் தோப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன வாய்க்கால்தான்.

ஜான்சன் விஷயத்திலும் மனுஷர் பெண்ணைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ‘எங்கிட்ட மொதல்ல சொல்லாம அவன் ஆத்தாகிட்டப் போயி சொல்லிருக்கான்’ என்பதுதான் கோபம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எத்தனை பேர் சேவுகம்பட்டிக்கு நடையாய் நடந்தார்கள்! பங்கு ஃபாதர்கூட ஒருமுறை போய் இளநீர் குடித்துவிட்டு வந்தார்.

ஒருவழியாகச் சவரிமுத்து சரி என்று சொன்ன அன்று ரோஸி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“நிச்சயம் முடியிற வரைக்கும் எனக்குப் பயமாத்தான் ஆன்ட்டி இருக்கு. யாராச்சும் ஒரு சொல்லு தப்பாச் சொல்லிட்டாக்கூட மாமா எந்திரிச்சுப் போயிருவாரு. போனா திரும்ப வரவே மாட்டாரு.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடி” என்றேன். வேறு என்ன சொல்வது?

நிச்சயதார்த்தத்தில் சம்பந்திக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று அருளப்பன் அண்ணன் பார்த்துப் பார்த்துச் செய்தார். நம் ஊரில் ஒரு ஆம்பளைக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் முதலில் தோளைத்தானே பார்க்கிறோம்? எதையாவது போர்த்த வேண்டும். சரிகை போட்ட பொன்னாடைகள் எல்லார் வீட்டு பீரோவிலும் அடுக்கிக் கிடக்கின்றன. போர்த்தியவருக்கும் உபயோகமில்லை, போர்த்திக்கொண்டவருக்கும் உபயோகமில்லை. அடுத்த விசேஷத்தில் அடுத்த தோளுக்குப் போகிறது. எங்கள் வீட்டிலிருந்து போன ஒரு ரோஸ் கலர் பொன்னாடை ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்காரர் தோளுக்கே திரும்ப வந்திருக்கிறது!

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வித்தியாசமாகச் செய்ய ஆசைப்பட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அனுப்பிய பார்சல் வந்தது. லீவில் ஊருக்கு வந்த ஒரு தோழி மூலம் கொடுத்துவிட்டிருந்தாள். சாக்லேட், சென்ட் பாட்டில், அவற்றோடு ஒரு துண்டு. கெட்டியான லினன். பச்சை பார்டர். தங்க நிறத்தில் வளைந்து வளைந்து இங்கிலீஷ் எழுத்துகள். நடுவில் பெரிதாக ஒரு யாழ்.

ஸ்டெல்லா விவரமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். ‘அப்பா, அயர்லாந்து லினன் துண்டு ஒண்ணு வச்சிருக்கேன், இங்க ரொம்ப ஃபேமஸ்...’ என்று ஆரம்பம். ‘அம்மா கிச்சன்ல பாத்திரம் துடைக்கட்டும், அதுல எழுதியிருக்கிறத வாசிச்சா நல்லாச் சிரிப்பாங்க’ என்பது முடிவு. மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கடைசி வரை கேட்கிற அப்பா எந்த ஊரில் இருக்கிறார்? ‘ரொம்ப ஃபேமஸ்’ என்ற இடத்திலேயே அண்ணன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டார்.

அந்த எழுத்துகளையாவது வாசித்திருக்கலாம். ஆனால், துணியில் இருக்கிற இங்கிலீஷை நாம் என்றைக்கு வாசித்திருக்கிறோம்? எங்கள் தெருவுக்கு வண்டியில் காலிஃபிளவர் கொண்டு வருகிறவர் வாரம் ஒருநாள் ஒரு டீ-ஷர்ட் போட்டு வருவார். ‘நான்தான் கல்யாணப் பெண்’ என்று நெஞ்சில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். மீசையை முறுக்கிக்கொண்டு எடை போடுவார். யாருக்கு என்ன நஷ்டம்?

தவிர, அண்ணன் அந்த யாழைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

“தாவீது ராசா கையில ஒரு வாத்தியம் இருக்கும்ல தங்கச்சி? அந்தப் படம் போட்டிருக்கு. சுத்தி அம்புட்டும் சங்கீத வசனம். நம்ம சம்பந்திக்கு இதவிட என்ன வேணும்?”

பைபிளில் தாவீது அரசர் யாழோடு சங்கீதங்கள் பாடியவர். ஆகவே யாழ் இருந்தால் தாவீது. தாவீது இருந்தால் சங்கீதம்! லாஜிக்கில் ஒரு ஓட்டை சொல்லுங்கள் பார்ப்போம்? துண்டு உறைக்குள் மடித்து இருந்ததால் எனக்கும் யாழ் மட்டும்தான் தெரிந்தது. பழத்தட்டு, பூத்தட்டோடு அதையும் வைத்தார்கள். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி எல்லாத் தட்டுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வீட்டு விசேஷத்துக்கு வேகமாகக் கிளம்பினார்.

மோதிரம் மாற்றினார்கள். அடுத்து மரியாதை. அண்ணன் உறையைப் பிரித்துத் துண்டை விரித்து, சவரிமுத்து தோளில் போர்த்தினார். கைதட்டல். ஃபிளாஷ். சவரிமுத்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்கே நிம்மதியாக இருந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால், அண்ணன் மைக்கைப் பிடித்து, “சம்பந்திக்கு மூத்த பொண்ணு அயர்லாந்துல இருந்து சங்கீத வசனம் போட்ட துண்டு அனுப்பிருக்கு” என்றார்.

சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “சங்கீதமா! அப்ப எல்லாரும் கேக்கட்டும். இங்கிலீசு தெரிஞ்சவுக வாசிச்சுச் சொல்லுங்க.”

“நம்ம பேப்பர்ல எழுதுற தங்கச்சி இருக்குல்ல!” என்று அண்ணன் என்னைக் கை காட்டினார்.

பெருமையாகவே மேடைக்குப் போனேன். மைக்கை வாங்கினேன். சவரிமுத்துவின் வலது தோளில் இருந்த முதல் வரியைப் பார்த்தேன். அடுத்த வரி. அதற்கும் அடுத்தது... சங்கீதமாவது ஒன்றாவது! ஆம்பளைகளின் குணத்தைப் பற்றி அயர்லாந்துக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வாசகங்கள் அவை. பார்டரில் தலைப்பே போட்டிருந்தது. ஒன்றிலாவது ஆம்பளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

நிமிர்ந்தால் ரோஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் முகம் மாறியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருதாணி போட்ட கையால் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தத் துண்டில் இருப்பதைச் சொன்னால் சவரிமுத்து எழுந்து போவார். கல்யாணம் அவரோடு பஸ் ஏறிவிடும். நான் என்ன செய்வேன்? “அன்பு... சமாதானம்... இல்லம் செழிக்கும்...” என்று வாயில் வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு சங்கீதம் கட்ட ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரு பாட்டையா ‘ஆமென்’ என்றுகூடச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் ஒரு குலுங்கலைப் பார்த்தேன். சவரிமுத்துவின் மனைவி லில்லி டீச்சர். வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு ஸ்கூலில் ரிட்டயர் ஆகும் வரை இங்கிலீஷ் எடுத்தவர். துண்டின் பாதி அவர் பக்கம்தானே தொங்குகிறது? தன் பக்கம் இருந்த வரிகளை எனக்கு முன்னாலேயே வாசித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்!

“இங்கிட்டுக் குடுங்க மைக்கை” என்றார் என்னிடம். “தப்பா வாசிச்சா இங்கிலீஷ் டீச்சருக்குப் பொறுக்காது.”

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன்.

டீச்சர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். “இது சங்கீதம் இல்ல. அயர்லாந்துல ஆம்பளைகளப் பத்திச் சொல்ற பேச்சு” என்று வகுப்பெடுக்கிற குரலில் அறிவித்தார். பிறகு புருஷனின் தோளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வரிகளை நான் இங்கே எழுதக் கூடாது என்று டீச்சர் உத்தரவு போட்டிருக்கிறார். ‘கேட்கணும்னா வீட்டுக்கு வரட்டும்’ என்கிறார். ஆகவே வரிகளில் இருந்த ஆட்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆள், குடித்த பிறகு வாக்குக் கொடுக்கிறவர். டீச்சர் முடிப்பதற்குள் பின் வரிசையில் ஒருவரை நாலு பேர் முதுகில் தட்டினார்கள். “ஏலே, ஒன்னத்தாண்டா சொல்றாய்ங்க!” தட்டு வாங்கியவர் அசரவில்லை. தனக்கு முன்னால் இருந்தவரைத் தட்டினார்.

இரண்டாவது ஆள், அடுத்தவர் வேலை செய்யும்போது இடுப்பில் கை வைத்து யோசனை சொல்கிறவர். பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா சட்டென்று இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

மூன்றாவது ஆள், ஊரெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் ஊமையாகிறவர். பெண்கள் பக்கம் கூரை பிய்த்துக்கொண்டது! ஒரு அக்கா எழுந்து நின்று கை தட்டினார். “அயர்லாந்துக்காரிக எங்க வீட்டுக்கு எப்ப வந்து பாத்தாக?” என்று கேட்டார்.

அருளப்பன் அண்ணன் மட்டும் வேர்த்து நனைந்துகொண்டிருந்தார். சவரிமுத்து சிரித்தாரா, முறைத்தாரா? ஒன்றுமே தெரியவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சரின் விரல் இடது தோளுக்கு வந்தது. நின்றது. கடைசி வரியை மனசுக்குள் வாசித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“அம்புட்டுத்தாங்க” என்றார்.

“இன்னொண்ணு கெடக்குல்ல? நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வாசி” என்றார் சவரிமுத்து.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்கிற ஆம்பளையைப் பற்றியது அது. அழைப்பு சரியில்லை, விருந்து சரியில்லை என்று கோபித்துக்கொண்டு போய், தனியாக உட்கார்ந்து, தன் கோபத்தைத் தானே தின்றுகொண்டிருக்கிறவர்.

இந்த முறை யாரும் யாருடைய முதுகையும் தட்டவில்லை. எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரியும். ஆள்தான் மேடையில் உட்கார்ந்திருக்கிறாரே!

சவரிமுத்து குனிந்து தன் இடது தோளைப் பார்த்தார். கை மெதுவாக மேலே போனது. துண்டின் நுனியைப் பிடித்தது. உதறப் போகிறார். ரோஸி கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான்.

பட்டென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு மனுஷர் சிரிக்கிறார்!

“அட... இது எங்கண்ணே அந்தோணியில்ல! அப்புடியே அச்சு அசலா எங்கண்ணேதான்! இவரு கதை அம்புட்டுத் தூரத்துல எப்புடித் தெரிஞ்சுச்சு?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மண்டபமே வெடித்தது. தன் அண்ணனை நினைத்துத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, சவரிமுத்து இன்னும் சத்தமாகச் சிரித்தார். அதைப் பார்த்து நாங்கள் இன்னும்... வயிறு வலித்துவிட்டது. அருளப்பன் அண்ணன் போய்ச் சம்பந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. ரோஸி நிஜமாகவே அழுதாள். நானும் அவளோடு அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

சரி, மனுஷருக்கு நிஜமாகவே புரியவில்லையா? புரிந்தும் சமாளித்தாரா? இதைப் பற்றி எங்கள் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ‘முப்பது வருஷமாக் கூட இருக்கேன், எனக்கே தெரியலை’ என்கிறார் லில்லி டீச்சர்.

அடுத்த நாள் காலை சவரிமுத்து அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, அண்ணன் தோப்புக்குப் போயிருக்கிறார். சமாதானத்துக்கு இல்லை. ‘உன்னப் பத்தி வெளிநாட்டுல எழுதிப் போட்டிருக்காக’ என்று குத்திக்காட்டத்தான்! அந்தோணி பெரியவர் அர்த்தத்தைக் கேட்டுவிட்டு, “ஏலே, இது நீதாண்டா!” என்றிருக்கிறார். நீதான், இல்லை நீதான் என்று சண்டை. வெயில் ஏறியும் முடியவில்லை. அண்ணி நடுவில் காப்பி கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். சண்டை சுவாரஸ்யத்தில் இரண்டு பேரும் குடித்திருக்கிறார்கள். மத்தியானம் கறிக்குழம்பும் அங்கேதான்.

“சாப்புட வாங்கன்னு தனியாக் கூப்புட்டாகளான்னு கேட்டேன்” என்றார் டீச்சர் போனில். “அதெல்லாம் யாருக்கு ஞாபகம்னு கேக்குறாரு!”  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். அயர்லாந்தில் எந்நேரமும் மழையாம். நமக்கோ மேகத்தைப் பார்த்தாலே போட்டோ எடுக்கத் தோன்றுகிறது. அவர்களுக்கு உருளைக்கிழங்கு, நமக்குச் சோறு. ஆனால், அங்கேயும் தோட்டம், ஆடு மாடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி கோபம்! மனுஷன் எந்த ஊரில் முளைத்தாலும் இப்படித்தான் முளைப்பான் போலிருக்கிறது. ஸ்டெல்லா வேலை பார்க்கிற வார்டில், அவள் ஊசி போடும்போதெல்லாம் வயதான நோயாளிகள் இப்படி ஒன்றைச் சொல்வார்களாம். அவளுக்கு அப்பா ஞாபகம் வருமாம். அதனால்தான் அந்தத் துண்டையே வாங்கினாளாம்.

அவள் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? “அந்தத் துண்டுல, வீட்டுக்குள்ள வந்ததும் ஊமையாகுற ஆளு ஒருத்தன் வருவான்ல தங்கச்சி, அது எதிர்க்கடைக்காரர்தான.”

இதில் ஆம்பளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் குணத்தைப் பற்றி நேராகச் சொன்னால் சண்டைக்குப் போவோம். அடுத்தவர் குணமென்று நினைத்துக்கொண்டால் வாய்விட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் ஒரு கல்யாணம் பிழைத்தது. ஒரு வாய்க்காலும் தாண்டப்பட்டது. பிறகு, புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன?

போன வாரக் கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் வாசலில் சேர்ந்து நின்று எல்லாரையும் வரவேற்றார்கள். ஸ்டெல்லா கொண்டு வந்த இன்னொரு துண்டு அந்தோணி பெரியவர் தோளில். சவரிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாத்தியா தாயி, கடசி வரி அவருக்கு எப்புடிப் பொருந்துது!” என்றார். இரண்டு நிமிஷம் கழித்து அந்தோணி பெரியவரும் தனியாகக் கூப்பிட்டார். அதே வரி. தம்பியைக் கண்ணால் காட்டினார்.

பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது ஸ்டெல்லா பையிலிருந்து வேறொரு துண்டை எடுத்தாள். “ஆன்ட்டி, பொம்பளைகளைப் பத்தியும் அந்த ஊர்ல போட்டிருக்காங்க. உங்களுக்காகத்தான் வாங்கியாந்தேன்” என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். என்ன அநியாயம்... வரிக்கு வரி எங்கள் நாத்தனார்தான்!